மகாவலியை ரயிலில் கடக்கத் திருகோணமலைப் பாதை உதவாது

"திருகோணமலை ரயிலில் ஏறினால் மகாவலி ஆற்றின் பழைய இரும்புப் பாலத்தையும், இலங்கையின் மிக நீளமான கிண்ணியாப் பாலத்தையும் கடக்கலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

கிண்ணியாவை முதலில் முடித்துவிடலாம். 2009இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் 396 மீற்றர் நீளம்; நீளமான பாலம் என்பது சரி. ஆனால் அதில் தண்டவாளமே இல்லை. பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் போகும் வீதிப் பாலம் அது. கிண்ணியாக்காரர் யாரையாவது கேட்டிருந்தாலே போதும்.

இரும்புப் பாலத்தின் கதைதான் சுவையானது. அது மன்னம்பிட்டியில், பொலன்னறுவைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையில், மட்டக்களப்புப் பாதையில் இருக்கிறது. ஒரே பாலத்தில் ரயிலும் வாகனங்களும் மாறி மாறிப் போன காலம் ஒன்று உண்டு. ரயில் வந்தால் பஸ்ஸும் லொறியும் கரையில் காத்துக்கிடக்கும். 2007இல் பக்கத்திலேயே புது வீதிப் பாலம் வந்த பிறகுதான் அந்தச் சங்கடம் தீர்ந்தது. வாகனங்களும் ரயிலும் ஒரே பாலத்தில் போகும் பழைய படங்களைத்தான் இப்போது "நம்ம ஊர் ரயில்" என்று பகிர்கிறார்கள்.

கொழும்பிலிருந்து வரும் பாதை கல்லோயாச் சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கு. மற்றது கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாகத் திருகோணமலைக்கு. மகாவலி நம் திருகோணமலை மாவட்டத்தில் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கலந்தாலும், ரயில் பாதை அந்தப் பக்கம் போவதில்லை. பாலத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் கல்லோயாவில் இறங்கி மட்டக்களப்பு ரயிலைப் பிடியுங்கள். நேர அட்டவணையை முதலிலேயே நிலையத்தில் கேட்டுவிடுவது நல்லது.