ஆர்டர் இருக்கிறது, பணம்தான் வரவில்லை

"தொழில் எப்படிப் போகுது?" என்று யார் கேட்டாலும் "வேலை இருக்குதுங்க" என்று சொல்லிப் பழகிவிட்டேன். பொய் இல்லை. கோவை கணபதியில் சின்னப் பட்டறை. இரண்டு லேத், கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷின் ஒன்று, ஒரு டிரில்லிங் மெஷின். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் (பம்புக்குள் சுழலும் தண்டு), புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) கடைந்து கொடுக்கிறோம். மெஷின்கள் சும்மா நிற்பதில்லை. ஆனாலும் சனிக்கிழமை வந்தால் வயிறு கலங்குகிறது.

எங்களுக்கு வாரச் சம்பளம். மாலை ஐந்தரைக்கு மெஷினை நிறுத்தி, இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளி, பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஐந்து பேரும் என் மேசைப் பக்கம் வருவார்கள். வாய் திறந்து யாரும் கேட்க மாட்டார்கள். போன மாதம் அப்படி ஒரு சனிக்கிழமை, வெளியே நிற்கும் பாக்கி ஏழு லட்சத்துச் சொச்சம். கையில் இருந்தது 11,000. சம்பளம் 32,000. மீதியை மைத்துனரிடம் வாங்கித்தான் கொடுத்தேன்.

ஆள் கிடைப்பதில்லை, கரண்ட் பில் ஏறிவிட்டது, இரும்பை வெட்டும் முனையான இன்சர்ட்டின் விலை கட்டுப்படியாகவில்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆள் விஷயத்தைத் தனியாகவே எழுத வேண்டும். ஆனால் அதையெல்லாம் எப்படியோ உழைத்துச் சமாளித்துவிடுகிறோம். நாம் கடைந்து கொடுத்த ஷாஃப்ட் பம்புக்குள் ஏறி, அந்தப் பம்பும் விற்று, யாரோ ஒருவர் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும். அதற்கான கூலி மட்டும் இன்னும் வந்திருக்காது. இதை எந்த உழைப்பால் சமாளிப்பது?

போன் போட்டால் முதல் வாரம் "ஸ்டோர்ல என்ட்ரி போடலைங்க". அடுத்த வாரம் "இன்ஸ்பெக்‌ஷன் முடியலைங்க". அப்புறம் "பில் பாஸ் ஆயிடுச்சு, சார் கையெழுத்துதான் பாக்கி". சார் வெளியூரில் இருப்பார். இப்படியே 90 நாள், 120 நாள் ஓடிவிடும்.

இத்தனைக்கும் சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இந்த "இன்ஸ்பெக்‌ஷன் முடியலை" கதைக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். பட்டறை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இதைத் தெரிந்துகொள்ளவே பல வருஷம் ஆனது.

ஜிஎஸ்டியையும் சொல்லியாக வேண்டும். ஒரு லட்சத்துக்குப் பில் போட்டால் அதன் மேல் 18,000 வரி. மாதக் கணக்கு கொடுக்கும் என் போன்றவர்கள் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அந்த ஒரு லட்சம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. தாமதித்தால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், அதுபோக வட்டி. நான் கடன் வாங்கிக் கட்டிய அந்த 18,000, சரக்கு வாங்கிய கம்பெனிக்கு வரவாகப் போய், அவர்கள் கட்ட வேண்டிய வரியில் கழிந்துவிடுகிறது. 180 நாள் வரை எனக்கு ஒரு பைசா தராமலே அந்த வரவை வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. எனக்கு 50 ரூபாய் போடத் தெரிந்த அரசாங்கத்துக்கு என் பில் தேதியும் தெரியும், அதே ஜிஎஸ்டி தளத்தில்தான் அதுவும் கிடக்கிறது.

"புகார் கொடுக்க வேண்டியதுதானே?" என்பீர்கள். பணம் தாமதமானால் சிறு நிறுவனங்கள் புகார் கொடுக்க, சமாதான் என்ற அரசுத் தளம் 2017இல் வந்தது. விசாரிக்கும் கவுன்சில் நம் கோவையிலேயே இருக்கிறது. ஆனால் புகாரில் என் பெயரையும் என் ஆர்டரில் பாதியைத் தருகிறவர் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். எழுதினால் பழைய பாக்கி வரலாம். அடுத்த ஷாஃப்ட் ஆர்டர் பக்கத்துத் தெருப் பட்டறைக்குப் போய்விடும். அந்த ஐந்து பேருக்கு நான் என்ன சொல்வது?

வருமான வரியில் 43பி(எச்) என்று ஒரு பிரிவு வந்தது. எங்களைப் போன்றவர்களுக்குத் தர வேண்டியதை வாங்கியவர் கெடு தாண்டியும் கொடுக்காமல் மார்ச் 31ஐக் கடந்துவிட்டால், அந்த வருஷச் செலவாக அதைக் கணக்கில் காட்ட முடியாது. 2024 மார்ச்சில் முதல்முறையாகக் கம்பெனி அக்கவுன்ட்ஸிலிருந்து அவர்களே கூப்பிட்டு "உத்யம் சர்டிபிகேட் அனுப்புங்க" என்று சிறு நிறுவனப் பதிவுச் சான்றைக் கேட்டார்கள். இரண்டு பழைய பில் மளமளவென்று வந்தது. சந்தோஷப்பட்டேன். ஏப்ரலில் மறுபடியும் பழைய கதை. ஏப்ரலில் போட்ட பில்லை பிப்ரவரியில் கொடுத்தாலும் அந்தப் பிரிவு ஒன்றும் செய்யாது, வருஷக் கடைசியில்தான் அது கடிக்கும்.

என் கருத்து இதுதான். குறு நிறுவனங்களுக்காவது, பணம் கைக்கு வந்த பிறகு ஜிஎஸ்டி கட்டினால் போதும் என்று ஆக்க வேண்டும். கெடு தாண்டிய பில்லுக்கு நாங்கள் புகார் எழுதக் காத்திருக்காமல் பில் தேதி கிடக்கும் ஜிஎஸ்டி தளமே வாங்கியவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பட்டறைக்குப் பின்வீதியில் ஒரு அக்கா இருக்கிறார். புஷ்ஷில் பிசிறு எடுக்க மூட்டை மூட்டையாக அவர் வீட்டுக்குத்தான் அனுப்புவேன். வாசல்படியில் உட்கார்ந்து, அரத்தை வைத்து ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றி எடுப்பார். விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் மூட்டையை எடுக்கப் போனேன். அவருக்கு மூன்று வாரப் பாக்கி, 2,400 ரூபாய். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அடுத்த மூட்டை எப்பங்க தம்பி வரும்?" என்று மட்டும் கேட்டார்.

அக்கவுன்ட்ஸ் வாசலில் நின்று நான் கேட்கிற கேள்விதான் அது. பாக்கியைக் கேட்டால் அடுத்த வேலை நின்றுவிடுமோ என்று பயந்து கேட்கிற கேள்வி.

மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போதெல்லாம் சனிக்கிழமை மத்தியானம், பட்டறைச் சம்பளம் எண்ணுவதற்கு முன்பே அவர் கணக்கை முடித்துவிடுகிறேன்.