பொட்டுக்கு ஊட்டிவிடாத கதை

பல்லியை ஈப்போவுக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினேன் என்று சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் சொன்னதுதான் தாமதம், மேசையே சிரித்தது. "வீட்டுச் சுவர்ல ஓடுறதுக்கெல்லாம் கார்டு போட்டாச்சா அண்ணே?" என்றான் முராய் பாத்து என்ற பாடும் பறவையை வளர்க்கும் தம்பி ஒருவன். சிரிக்கட்டும். 150 மலேசிய வெள்ளி செலவழித்தவன் கொஞ்சம் நீளமாகவே எழுதுவான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனின் பொட்டு சுவர்ப் பல்லி இல்லை, லெப்பர்ட் கெக்கோ. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட பாறை நிலத்து இனம். கண்ணுக்கு இமை உண்டு. சுவரில் ஏறும் ஒட்டு விரல் கிடையாது. கொழுப்பை வாலில்தான் சேர்த்து வைக்கும். வளர்ந்த ஒன்று 50 கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பதுதான் வழக்கம். தீபாவளி அலைச்சல் முடிந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் பொட்டின் வால் பென்சில் மாதிரி இருந்தது. முறுக்கு மாவு நிறுக்கும் தராசில் வைத்தோம். 31 கிராம்.

"வாயைத் திறந்து ஊட்டுடா. சின்னதில நீ சாப்பிடாதப்ப மூக்கைப் பிடிச்சுத்தானே ஊத்தினேன்" என்றார் அம்மா. நம் வீடுகளில் அன்பு என்றால் பாதி இதுதானே. எதிரில் ஓர் உயிர் சாப்பிடாமல் இருந்தால் நமக்குக் கை சும்மா இருக்காது. நானும் பஞ்சுக் குச்சியைக் கையில் எடுத்துவிட்டேன். பொட்டு பின்னால் நகர்ந்து வாயை இறுக்கிக்கொண்டது. அந்தச் சின்னத் தாடையை நெம்பினால் உடைந்துவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன். அந்தப் பயம்தான் அதைக் காப்பாற்றியது என்று பிறகுதான் தெரிந்தது.

தப்பு என்னுடையது. நம் ஊரே வெந்நீர் அண்டா, இதற்குத் தனியாகச் சூடு எதற்கு என்று இருந்துவிட்டேன். மகன் அறையில் விடிய விடிய ஏர்கோன் ஓடுவதை யோசிக்கவே இல்லை. காலை ஐந்து மணிக்குத் தொட்டிக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்தால் 22 பாகை. இந்தப் பல்லி இரையைச் செரிக்க வெளியிலிருந்து வரும் சூட்டை நம்பி இருக்கிறது. தொட்டியின் ஒரு பக்கத் தரையாவது 32 பாகை அளவுக்கு இருக்க வேண்டும். குளிர்ந்த வயிற்றுக்குள் போன பூச்சி செரிக்காமல் அழுகத் தொடங்கும். நான் திணித்திருந்தால் அதுதான் நடந்திருக்கும். சாப்பிடாமல் இருந்தது பொட்டின் பிடிவாதம் இல்லை, அதன் புத்தி.

டாக்டர் முதலில் உடம்பில் நீர் ஏற்றினார். பிறகு சூடு, இரை கடைசியில்தான் என்றார். நாங்கள் டப்பாவில் கொண்டுபோன எச்சத்தைப் பார்த்து, குடலில் புழு இருக்கிறது என்று எடைக்கு ஏற்ற மருந்து கொடுத்தார். சில கிருமிகள் இருந்தால் நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு தேயுமாம். அதனால் எச்சப் பரிசோதனை செய்யாமல் ஊகித்து மருந்து கொடுக்கக் கூடாது. தரையில் கொட்டியிருந்த மணலையும் எடுக்கச் சொன்னார், இரையோடு சேர்த்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். விற்றவர் அழகுக்கு என்று மூட்டையாகத் தலையில் கட்டிய மணல் அது. சரி, விடுங்கள்.

வீட்டுக்கு வந்து தொட்டிக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் சூட்டுப்பாய் விரித்தோம், சூடு அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட்டோடு. அது இல்லாமல் போட்டால் வயிறு வெந்துவிடும். இந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டுப் பையன் செம்பனைக் காட்டிலிருந்து ஒரு போத்தல் நிறைய வெட்டுக்கிளி பிடித்து வந்தான். எனக்குச் சந்தோஷம். அம்மாதான் போத்தலைப் பிடுங்கி வெளியே வைத்தார். இருபது வருடம் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்தவர் அவர். நகம் கறுத்து உதிர்ந்த கதையை அன்றுதான் பேரனிடம் சொன்னார். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020-இல் இங்கே முழுதாகத் தடை செய்துவிட்டார்கள், ஆனால் தோட்டத்தில் மருந்து அடிப்பது நிற்கவில்லையே. ஊட்டச் சொன்னதில் அம்மா தப்பு, வெட்டுக்கிளி விஷயத்தில் எங்கள் எல்லாரையும்விடச் சரி.

பறவைக் கடையில் செங்கெரிக் என்கிற சுவர்க்கோழிப் பூச்சியும் மாவுப்புழுவும் வாங்கினோம். கால்சியம் தூள் தூவித்தான் கொடுக்க வேண்டும். சாப்பிடாமல் மிஞ்சும் செங்கெரிக்கை இரவே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் துவண்டு கிடக்கும் பல்லியை அது கடிக்கும். ஐந்தாம் நாள் இரவு ஒரு புழுவை நசுக்கி அதன் சாற்றை மூக்கு நுனியில் தடவினான் மகன். வாயைத் தொடவில்லை. ரொம்ப நேரம் கழித்து நாக்கு வெளியே வந்தது, ஒரு நக்கு. அப்புறம் இன்னொன்று. அம்மா சாமி அறையிலிருந்து ஓடி வந்தார்.

வாரம் ஒரு தடவை நிறுக்கிறோம். இப்போது 37 கிராம். வால் இன்னும் பேனா அளவுதான்.

நேற்று ஒட்டுக்கடையில் அந்தத் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்க பல்லி சாப்பிடுதாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டான். கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். அவன் முராய் இரண்டு நாளாக இரை எடுக்கவில்லையாம்.