கேட்டில் உட்கார வைப்பதற்கு முன்

எங்கள் தெருவில் அப்பாவைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பிள்ளைகளுக்கு மிலிட்டரி தாத்தா, என் வயதுக்காரர்களுக்கு மிலிட்டரி மாமா, இஸ்திரி போடும் அண்ணனுக்குப் பட்டாளத்தார். நந்தம்பாக்கத்தில் நாற்பது வருடமாக இப்படித்தான். இந்த வருடம் அவருக்கு எண்பது ஆகிறது. ராணுவத்தில் இருந்தது இருபது வருடம். ஒரு வங்கியின் வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது இருபத்தோரு வருடம். இந்த இரண்டாவது கணக்கு கொஞ்ச நாளாகவே என் மனதில் கிடந்து உறுத்துகிறது.

வட ஆற்காடு மாவட்டத்துக்காரர் அவர். 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவம் ஆட்களை நிறையச் சேர்த்த காலம். 1964-ல், பதினெட்டு வயதில், பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். 1780-ல் தொடங்கிய படை அது. அங்கே ஜவானைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். வடநாட்டு அதிகாரி வந்தாலும் அவர் வாயிலும் தம்பிதான். அதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தில் இன்றைக்கும் ஒரு வெளிச்சம் வரும்.

சாப்பர் என்றால் என்ன வேலை என்று பலருக்குத் தெரியாது. காலாட்படையும் டாங்கியும் போவதற்கு முன்னால் போய் வழி செய்கிறவர்கள் அவர்கள். ஆறு இருந்தால் பாலம் போடவேண்டும், மலை இருந்தால் பாதை வெட்டவேண்டும், கண்ணிவெடி புதைத்திருந்தால் எடுக்கவேண்டும். துண்டு துண்டாகக் கோத்துப் போடும் இரும்புப் பாலமான பெய்லி பாலத்தின் ஒரு பேனல் சுமார் 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்து தூக்கி, ஒன்றோடொன்று இரும்புப் பின் அடித்துக் கோத்துக்கொண்டே போவார்கள். கிரேன் கிடையாது. இருட்டில், விளக்கில்லாமல் செய்யவேண்டிய நேரமும் உண்டு. அப்படி எத்தனை பாலம் போட்டிருப்பீர்கள் என்று கேட்டால், "எண்ணலை பாப்பா" என்பார்.

1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு போர் நடந்தபோது, எல்லையில் ஷகர்கர் பக்கம் இருந்திருக்கிறார். அந்தப் போரைப் பற்றி அவர் பேசியது ரொம்பக் குறைவு. ஒரே ஒரு விஷயம் மட்டும் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. என் மகளுக்குச் சங்கரா மீனில் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கண் ஆபரேஷன் ஆன சமயம், பார்வை இன்னும் சரியாகத் தெளியவில்லை. மீனைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் சதைக்குள் மெல்ல நகர்ந்தன, முள் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எப்படித் தாத்தா என்று அவள் கேட்டாள். கண்ணிவெடி தேடும்போது கம்பியை நேராகக் குத்தக் கூடாது, சாய்வாக, முப்பது டிகிரியில் உள்ளே விடவேண்டும், நேராகக் குத்தினால் வெடியின் தலையில் பட்டுவிடும் என்றார். "பக்கவாட்டில போய் லேசா இடிக்கும். அது கல்லா, இரும்பான்னு விரல்தான் சொல்லும், கண்ணு சொல்லாது." சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தார். ஒரு முள்கூட அந்தத் தட்டில் மிஞ்சவில்லை.

1984-ல் ஹவில்தாராக வெளியே வந்தார். வயது முப்பத்தெட்டு. எனக்கு எட்டு, தம்பிக்கு ஐந்து. ராணுவம் இளமையாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் ஜவான்களைச் சீக்கிரம் அனுப்புகிறார்கள். பதினைந்து வருடம் முடித்தால் பென்ஷன் உண்டு. காரணம் நியாயமானதுதான். ஆனால் முப்பத்தெட்டு என்பது ஒரு குடும்பத்துக்குச் செலவு தொடங்குகிற வயது. பள்ளிக் கட்டணம், வாடகை, தங்கைக்குச் செய்யவேண்டிய சீர். பென்ஷன் மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஜவானும் வீட்டில் உட்கார முடியாது.

அதுவரை 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரியிலிருந்து வரும் கடிதமும் மாதாமாதம் மணியார்டரும்தான் எங்களுக்கு அப்பா. வருடாந்திர விடுமுறை இரண்டு மாதம். நான் பிறந்து ஏழு மாதம் கழித்துத்தான் என்னைப் பார்த்திருக்கிறார். வங்கியில் முதல் சம்பளம் வந்த அன்று, கவரைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. "இத்தனை வருஷம் வீட்டை நடத்தினது நீ. எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது." அன்றிலிருந்து இன்று வரை பஸ் காசுகூட அம்மாவிடம் கேட்டுத்தான் வாங்குவார். அம்மாவுக்கு முழங்கால் போனபிறகு காலையில் தலைவாரிப் பின்னல் போட்டுவிடுவதும் அவர்தான். வகிடு நூல் பிடித்த மாதிரி இருக்கும்.

சரி, வங்கிக்கு வருகிறேன். முன்னாள் ராணுவத்தினருக்கு மத்திய அரசின் 'சி' பிரிவு வேலைகளில் 10 சதவீதம், பழைய 'டி' பிரிவில் 20 சதவீதம், வங்கிகளில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கீடு உண்டு. அந்த வழியில்தான் அப்பா போனார். கிடைத்தது காவலாளி வேலை. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, என்னோடு படித்த பெண்ணும் அவள் அப்பாவும் அந்த வங்கிக்குள் வந்தார்கள். அப்பா எழுந்து கதவைத் திறந்து சல்யூட் வைத்தார். உள்ளே நின்றிருந்த நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்பா அதைப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்த வங்கியில் ஒருநாள் ஜெனரேட்டர் நின்றுபோனது. மெக்கானிக் வரவில்லை. வெளியே கூட்டம். அப்பா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு இருபது நிமிடத்தில் ஓடவைத்தார். எல்லோரும் பாராட்டினார்கள். மறுநாள் காலை அதே ஸ்டூல். இருபத்தோரு வருடத்தில், உங்களுக்கு வேறு என்ன தெரியும் என்று ஒருவர்கூட அவரைக் கேட்டதில்லை. என் கோபமெல்லாம் இதில்தான். காவல் வேலை கேவலம் என்று நான் சொல்லவரவில்லை. எங்களைப் படிக்கவைத்ததே அந்த ஸ்டூல்தான். பாலம் கட்டத் தெரிந்தவர், பம்பு செட் பிரித்து மாட்டத் தெரிந்தவர், முப்பது பேரைக் கட்டி மேய்த்தவர் ஒரு வேலைக்கு வந்து நிற்கும்போது, 'எக்ஸ் சர்வீஸ்மேன்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் கை தானாகக் கேட்டைக் காட்டுகிறதே, அதைத்தான் சொல்கிறேன். அடுக்குமாடிச் சங்கங்கள், கம்பெனிகள், பள்ளிகள் எல்லாவற்றிலும் இதுதான் நிலைமை. தமிழ்நாடு அரசே 1986-ல் முன்னாள் ராணுவத்தினருக்காக டெக்ஸ்கோ என்ற கழகத்தைத் தொடங்கியது. ஏராளமான குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது. அங்கேயும் பெரும்பாலும் கிடைப்பது பாதுகாப்பு வேலைதான்.

அப்பாவுக்கு என்ன தெரியும் என்று இந்தத் தெரு தெரிந்துகொண்டது 2015 டிசம்பர் 1 ராத்திரி. அடையாறு ஏறி வந்துவிட்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், தெருக்கோடியில் கழுத்தளவு. அப்பாவுக்கு அப்போது அறுபத்தொன்பது. மாடியிலிருந்து நான்கு பையன்களைக் கூப்பிட்டார். காலி தண்ணீர் கேன் எத்தனை இருக்கிறதோ அத்தனையும் கொண்டுவரச் சொன்னார். பதினாறு கேன் சேர்ந்தது. மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் கவர் சுற்றிக் கட்டி, கட்டில் சட்டத்துக்கு அடியில் துணி காயப்போடும் நைலான் கயிற்றால் பிணைத்தார். "ஒரு கேன் இருபது கிலோ தாங்கும். பதினாறு இருக்கு. ஆனா ரெண்டு பேருக்கு மேல ஏத்தாதீங்க, தண்ணிக்கு இழுவை இருக்கு." அப்புறம் இந்தப் பக்கக் கேட்டிலிருந்து அந்தப் பக்கக் கேட்டுக்கு ஒரு கயிறு. அதைப் பிடித்துக்கொண்டு பையன்கள் மிதவையைத் தள்ளவேண்டும். அவரே ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். விடிவதற்குள் பதினொரு பேரை மாடி வீடுகளுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு பாட்டியும் உண்டு.

அடுத்த மாதம் குடியரசு தினத்துக்கு அவரைக் கொடியேற்றச் சொன்னார்கள். பழைய பதக்கங்களைத் துடைத்து மாட்டிக்கொண்டு போனார். ரொம்ப சந்தோஷம் அவருக்கு. எனக்கும்தான். ஆனாலும் பத்து வயதுப் பெண்ணாக நான் பார்த்த அந்த ஸ்டூல் அன்றைக்கும் கண்ணுக்குள் நின்றது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2022-ல் அக்னிபத் என்ற ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டம் வந்தது. நான்கு வருடச் சேவை, அதற்குப் பின் நான்கில் ஒருவரைத்தான் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குச் சுமார் 11.7 லட்சம் ரூபாய் கையில் கிடைக்கும், பென்ஷன் கிடையாது. 2023 ஜனவரியில் தரைப்படைப் பயிற்சிக்குப் போன முதல் பிள்ளைகளுக்கு 2026 முடிந்ததும் நான்கு வருடம் நிறைகிறது. அந்தத் திட்டம் சரியா தவறா என்ற விவாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். திரும்பி வரப்போகிறவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் பையன்கள். அப்பாவுக்கு முப்பத்தெட்டில் காட்டிய அதே ஸ்டூலை அவர்களுக்கு இருபத்து மூன்றில் காட்டப்போகிறோமா? ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறவர்கள் தயவுசெய்து ஒரு கேள்வி கேளுங்கள். எந்தப் படைப்பிரிவில் இருந்தாய், அங்கே என்ன வேலை செய்தாய்? சிக்னல்ஸில் இருந்தவனுக்கு வயர்லெஸும் கேபிளும் தெரியும். வண்டிகளையும் இயந்திரங்களையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் இருந்தவனுக்கு வண்டியின் எந்த பாகமும் தெரியும். மெடிக்கல் கோரில் இருந்தவன் ஊசி போடுவான், கட்டுக் கட்டுவான்.

பக்கத்து அடுக்குமாடிக்குப் புதிதாக ஒரு காவலாளி வந்திருக்கிறார். முப்பத்தொன்பது வயது, திருவண்ணாமலைப் பக்கம். சாயங்காலம் ஃபிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு அப்பா அவரிடம் போய்விடுகிறார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இந்தியில் பேசிக்கொள்கிறார்கள். போன ஞாயிறு அப்பா வந்து, "பாப்பா, அந்தத் தம்பி பதினேழு வருஷம் சிக்னல்ஸ்ல இருந்திருக்கான். அவனுக்கு ஒரு பயோடேட்டா அடிச்சுக் குடு" என்றார். இரவு உட்கார்ந்து அடித்தோம். அந்தக் காவலாளி சொல்லச் சொல்ல இரண்டு பக்கம் வந்தது. ஜெனரேட்டர், ரேடியோ செட், ஆப்டிகல் ஃபைபர் ஒட்டுவது, எக்ஸ்சேஞ்ச் பராமரிப்பு. சென்னையில் எங்காவது பராமரிப்புப் பிரிவில், டெலிகாம் வேலையில் இடம் இருந்தால் எனக்கு மெசேஜ் அனுப்புங்கள். பயோடேட்டா என்னிடம் இருக்கிறது.