ஒரே வீட்டில் இருந்தால் பிரிந்ததாகக் கணக்கில்லையா?

"கலிஃபோர்னியாவில் கணவன் மனைவியில் ஒருவர் வீட்டை விட்டுப் போன பிறகுதான் பிரிந்ததாகச் சட்டம் ஏற்கும், அதுவரை சம்பாதிப்பதில் பாதி மற்றவருக்கு" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

முழுப் புரளி என்று சொல்ல முடியாது. 2015 ஜூலையில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் டேவிஸ் வழக்கில் ஏறக்குறைய அப்படித்தான் தீர்ப்பளித்தது. 2006 ஜூனில் மனைவி, கணவரிடம் மணவாழ்க்கை முடிந்தது என்று சொல்லி, செலவுகளைப் பிரித்து எழுத ஒரு கணக்கேட்டையும் நீட்டினார். ஆனால் மனைவி வேறு வீட்டுக்குப் போனது 2011-இல். இடையில் ஐந்து வருடச் சம்பளம்! யாருடையது என்பதுதான் சண்டை.

அப்புறம் சட்டமன்றம் அந்தத் தீர்ப்பையே மாற்றியது. 2017 ஜனவரி 1 முதல் குடும்பச் சட்டம் 70-ஆம் பிரிவு நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பிரிந்ததாகக் கணக்கிட, உறவை முடிக்கிறேன் என்று துணையிடம் தெரிவித்திருக்க வேண்டும். நடத்தையும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். கூரை ஒன்றா இரண்டா என்பது மட்டும் தீர்மானிக்காது.

அதற்காகத் தனி அறையில் படுத்தாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். அனுப்பிய மெசேஜ், பிரித்த வங்கிக் கணக்கு, சேர்ந்து போன சுற்றுலா என எல்லாவற்றையும் நீதிபதி பார்ப்பார். விவாகரத்து மனுவில் பிரிந்த நாள் என்று ஒருவர் எழுதும் தேதியை மற்றவர் மறுக்கலாம்.

கையில் காசில்லாமல், பிள்ளைகளுக்காக அதே வீட்டில் தங்குகிறவர்களைத்தான் இந்தச் செய்தி வீணாகப் பயமுறுத்துகிறது. தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.