கோப்பு வேலைக்கும் காசு கொடுங்கள்

அகதிகளுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனம் நன்கொடை கேட்டால் முதலில் வரும் கேள்வி, "நூறு ரூபாயில எவ்வளவு நேரா மக்களுக்குப் போகுது? ஆபீஸ் செலவுக்கு எவ்வளவு பிடிக்கிறீங்க?" நியாயமான சந்தேகம்தான், ஏமாற்றியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர் விஷயத்தில் இந்தக் கேள்வி பாதி அபத்தம். அரிசி அரசு கொடுக்கிறது. பணக்கொடையும் அரசுதான்: 2021இல் உயர்த்திய பிறகு குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. இல்லாதது, ஒவ்வொரு வீட்டுக் காகிதத்தையும் உட்கார்ந்து படித்துச் சரிபார்க்கிற ஆள். அந்த ஆளின் சம்பளத்தைத்தான் "ஆபீஸ் செலவு" என்று ஒதுக்குகிறோம்.

முகாமில் பிறந்த பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால் ஒழிய, இங்கே பிறந்ததாலேயே இந்தியக் குடியுரிமை வராது. இலங்கைச் சட்டமோ, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதியச் சொல்கிறது. தாமதமானால் தகுந்த காரணம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். பதியாமல் விட்டால் பிள்ளை இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

பதியப் போனால் வரிசை முக்கியம். முதலில் தாய் தகப்பனின் இலங்கைப் பிறப்புப் பத்திரம். கையில் இல்லாவிட்டால் பிறந்த ஊர்ப் பிரதேச செயலகத்தில் யாராவது உறவினரைக் கொண்டு பிரதி எடுக்க வேண்டும். அடுத்து அவர்களுடைய திருமணப் பதிவு. முகாமில் கோயிலில் தாலி கட்டியதோடு விட்டவர்கள் நிறையப் பேர். அதற்குப் பிறகுதான் பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்று. அவசரத்தில் பிள்ளையின் சான்றை முதலில் திருத்தி, திருமணச் சான்று வேறு எழுத்தில் வந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

சிக்கல் பெரும்பாலும் தகப்பன் பெயரில்தான். இலங்கைப் பத்திரத்தில் முழுப்பெயர் தமிழில் இருக்கும். முகாம் அட்டையில் அதை ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி எழுதியிருப்பார், பள்ளிக்கூடத்தில் இன்னொருவர் இனிஷியல் மட்டும் போட்டு முடித்திருப்பார். ஆஸ்பத்திரிச் சீட்டில் மூன்றாவது விதம். பிறப்புச் சான்றில் பிள்ளையின் பெயர்க் கட்டமே காலியாக இருப்பதும் உண்டு. 15 வருடத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். ஒரு கோப்பைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒவ்வொரு ஆவணத்திலும் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து ஒரே தாளில் எழுதி வைப்பது. எதைத் திருத்துவது, எதற்கு நோட்டரி உறுதிமொழி போதும் என்பது அந்தத் தாளைப் பார்த்தால் தெரியும். அரை நாள் பிடிக்கும். போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட இதில் ஒன்றுமே இல்லை!

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது வேறு தலைவலி. எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணைத் தாங்காது. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும், உதவித்தொகை திரும்பி வரும், பிள்ளை ஃபீஸ் கட்ட முடியாமல் நிற்கும். தேதியும் அப்படித்தான்: 05/08 என்பது ஆகஸ்ட் 5ஆ மே 8ஆ என்பதை அந்தக் கம்ப்யூட்டரின் செட்டிங் முடிவு செய்யும். அடிப்பதற்கு முன்பே எக்செலில் அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள், மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். பஸ் டிக்கெட் வெப்ப அச்சு, சில மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். அன்றே ஜெராக்ஸ் எடுத்து வவுச்சரில் ஒட்டாவிட்டால் ஆடிட்டில் காட்ட எதுவும் இருக்காது.

இனி வெளிநாட்டு நிதி. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்த நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 50. ஆஸ்பத்திரி நடத்தினால் டாக்டர் சம்பளமும் பள்ளி நடத்தினால் ஆசிரியர் சம்பளமும் இந்தக் கணக்கில் வராது என்று விதியே சொல்கிறது. ஆனால் தபால், போன், அச்சு, எழுதுபொருள், வாடகை, வழக்கறிஞர் கட்டணம், அறிக்கை தயாரிக்கும் செலவு எல்லாம் வரும். காகிதமே சேவையாக இருக்கும் நிறுவனத்துக்கு இது கழுத்தில் கயிறு. ஆவண உதவியாளரைத் திட்டப் பணியாளராகவே பட்ஜெட்டில் எழுதி, எந்தக் குடும்பத்துக்கு என்ன செய்தார் என்று பதிவேடு வைத்து, ஆடிட்டரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே பேசிவிடுவதுதான் புத்திசாலித்தனம். வெளிநாட்டு நிதிக்கான ஆண்டுக் கணக்குப் படிவமான எஃப்சி-4ஐ டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்யும் நேரத்தில் பேசி ஒன்றும் ஆகாது. இதே திருத்தம் வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதையும் தடுத்துவிட்டது. பெரிய நிறுவனத்தை நம்பியிருந்த சின்னக் குழுக்களுக்கு அந்த வழி அடைபட்டது.

உள்நாட்டு நன்கொடைக்கு இந்த 20 சதவீத வரம்பு கிடையாது. அதனால் உள்ளூரில் கொடுப்பவர்கள் ஸ்கேனர், ஸ்பீடு போஸ்ட், நோட்டரி கட்டணம், சென்னைத் துணைத் தூதரகத்துக்குக் குடும்பத்தோடு போய்வர பஸ் காசு, ஓர் உதவியாளரின் ஒரு வருடச் சம்பளம் என்று கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் கட்டாயம் விசாரியுங்கள். சதவீதத்தை விடுங்கள், போன வருடம் எத்தனை பிள்ளைகளுக்குப் பதிவு முடிந்தது, மீதிக் கோப்புகள் எந்தெந்த மேசையில் நிற்கின்றன, எதனால் என்று கேளுங்கள். பட்டியலை எடுத்துக் காட்டத் தெரியாத நிறுவனமாக இருந்தால் தயங்காமல் கையை விரித்துவிடுங்கள்.