பேட்ஜைக் கழட்டிட்டா அவ லீடர் இல்லைன்னு ஆயிருமா?

மூணு நாளா எழுதுவோமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நேத்து ராத்திரி எங்க ஸ்கூல் ஃபேர்வெல் வீடியோவை மறுபடி பாத்தேன், தூக்கம் வரல, எழுதிட்டேன்.

நடந்தது என்னன்னு நம்ம ஸ்கூல் ஆளுங்க எல்லாருக்கும் தெரியும், முழுசா திருப்பிச் சொல்லல. ஃபேர்வெல் அன்னிக்கு எஸ்.பி.எல் (ஸ்கூல் மாணவியர் தலைவி) ஏத்தி பிளஸ் ஒன் பிள்ளைங்க கையில கொடுக்க வேண்டிய மெழுகுவத்தியை ஏ.எஸ்.பி.எல், அதாவது துணை லீடர், கொடுக்குறா. எஸ்.பி.எல் கடைசி வரிசையில உக்காந்திருக்கா. என் அண்ணன் மக அவ பக்கத்துலதான் இருந்தா. "அத்தே, அவ ஓவர்கோட்டுல பேட்ஜ் குத்திக் குத்தி நஞ்சு போன இடத்தைத் தடவிக்கிட்டே இருந்தா, அழுகவே இல்ல"ன்னு சொன்னா. அழுதிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது.

அவ பண்ண தப்பு என்ன? ஸ்கூலை நடத்துற கன்னியாஸ்திரி சிஸ்டருக்கு ஒரு லெட்டர் எழுதுனா. "மதிப்பிற்குரிய சிஸ்டர் அவர்களுக்கு"ன்னு ஆரம்பிச்சு, பணிவோட முடிச்சு, கீழ 41 பிள்ளைங்க கையெழுத்து. ஸ்பெஷல் கிளாஸ் ஆறரைக்கு விடுது, அதுக்குள்ள டவுன் பஸ் போயிருது, கிராமத்துப் பிள்ளைங்களை மட்டும் கொஞ்சம் முன்னாடி விடுங்க, இல்லைன்னா காலையில வச்சுக்கங்க, நாங்க சீக்கிரமே வர்றோம். இவ்வளவுதான் கேட்டது. டவுனுக்குள்ள வீடு இருக்குறவங்களுக்கு இது சின்ன விஷயமாத் தெரியும். புதுவயல், மித்ராவயல், சாக்கோட்டைப் பக்கம் போற பிள்ளைக்கு அந்த பஸ் போச்சுன்னா பஸ் பாஸும் உதவாது. பாஸ் பிரைவேட் பஸ்ல செல்லாது, ஷேர் ஆட்டோக்காரர் சும்மா ஏத்த மாட்டாரு. பெண்களுக்கு 2021ல இருந்து இலவசமா ஓடுறதும் அதே சாதா கட்டண டவுன் பஸ்தான், அதனால கூட்டிட்டுப் போக வர்ற அம்மாவுக்கும் அதே கதிதான். அந்த அம்மாக்கள்ல பாதிப்பேரு அரிசி மில்லுல நெல்லு அள்ளிட்டு வர்றவங்க. பொழுது சாஞ்சப்புறம் வயசுப் பிள்ளை ரெண்டு மைல் கருவேலங்காட்டு ரோட்டுல நடந்து வரணும்னா எந்த அம்மா நிம்மதியா உலை வைப்பா?

இதைச் சொல்றதுக்குத்தானே அவளை லீடர் ஆக்குனீங்க. பிள்ளைங்க கஷ்டத்தை மேல கொண்டு போய்ச் சொல்றவதான் லீடர். மேல இருந்து வர்ற ஆர்டரைக் கீழ கொண்டு வந்து கொடுக்க பெல் அடிக்கிற அண்ணனே போதுமே, அதுக்கு எதுக்கு எலெக்‌ஷன், எதுக்கு ஜூலை மாசம் மேடை போட்டு, பெத்தவங்களைக் கூப்பிட்டு, கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வைக்கிறது? "என் பள்ளிக்கும் என் உடன் பயிலும் மாணவியருக்கும் உண்மையாக இருப்பேன்"னு அவ சொன்னப்ப நானும் அங்கதான் கை தட்டிக்கிட்டு இருந்தேன். சொன்ன மாதிரியே இருந்தா. அதுக்குத்தான் திங்கக்கிழமை அசெம்பிளியில 900 பிள்ளைங்க முன்னாடி பேட்ஜைக் கழட்டுனாங்க.

நான் யாருன்னு புதுசா படிக்கிறவங்களுக்குச் சொல்லிடுறேன். 1998 பேட்ச். நானும் அதே ஸ்கூல்ல எஸ்.பி.எல். பெஸ்ட் லீடர்னு கப்பு வாங்குனவ, அந்தக் கப்பு இன்னும் காரைக்குடியில எங்கம்மா வீட்டு அலமாரியிலதான் இருக்கு. அந்தக் கப்பு எப்படி வந்துச்சுன்னு இதுவரைக்கும் நான் யாருகிட்டயும் சொன்னதில்ல.

எங்க செட்டுல மித்ராவயல் பக்கத்துல இருந்து ஒரு பிள்ளை வரும். பேர் வேணாம். கணக்குல எனக்கே அதுதான் சொல்லிக் கொடுக்கும். இதே பிப்ரவரி, இதே ஸ்பெஷல் கிளாஸ், இதே பஸ் பிரச்சனை. ஒருநாள் டிஃபன் சாப்பிட்டு குழாயடியில கை கழுவும்போது, "ஆத்தா, நீ சொன்னா சிஸ்டர் கேப்பாக, ஒரு அரை மணி முன்னாடி விடச் சொல்லு"ன்னு கேட்டுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதெல்லாம் போயி சிஸ்டர்கிட்ட எப்படிப்பா கேக்குறது"ன்னு சொன்னேன். அதோட விட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. ஸ்பெஷல் கிளாஸுக்கு வராதவங்க பேரை எழுதிக் கொடுக்குறது லீடர் வேலை. அந்தப் பிள்ளை பஸ்ஸுக்கு ஓடுன நாலு நாளும் நாந்தான் பேரை எழுதிக் கொடுத்தேன், என் கையெழுத்துல, ரோல் நம்பரோட. ஆபீஸ் ரூம் வாசல்ல முட்டி போட்டு நின்னுச்சு. அப்புறம் ஃபேர்வெலுக்கு வரல. அன்னிக்குத்தான் எனக்குக் கப்பு கொடுத்தாங்க.

அதே வாரம் தவக்காலத்துக்காக, இயேசு சீடர்கள் காலைக் கழுவுனதை நினைச்சு பாதம் கழுவுற சடங்கை ஹால்ல நடிச்சுக் காட்டுனோம். ஆறாங்கிளாஸ் பிள்ளைங்க 12 பேரை உக்கார வச்சு எஸ்.பி.எல் காலைக் கழுவணும். ஒரு பிள்ளை குதிகால்ல கருவேல முள்ளு ஒடிஞ்சு உள்ள இருந்துச்சு, தண்ணி பட்டதும் வெடுக்குன்னு காலை இழுத்துக்குச்சு. நடந்து வர்ற பிள்ளை. நான் துண்டால துடைச்சுட்டு அடுத்த காலுக்குப் போயிட்டேன். முள்ளை எடுக்கல. நேரம் ஆகும், பாட்டு முடிஞ்சுரும்னு நினைச்சேன். இருபத்தெட்டு வருஷம் கழிச்சு அந்த இழுத்த கால்தான் ஞாபகத்துக்கு வருது, நான் மேடையில பேசுன பேச்சு ஒரு வரி கூட ஞாபகம் இல்ல.

சரி, இனி கமெண்டுல வரப்போறதுக்கெல்லாம் இப்பவே பதில் சொல்லிடுறேன்.

"பரீட்சை நேரத்துல இது தேவையா?" பரீட்சைக்குப் படிக்கத்தாங்க பஸ் கேட்டா.

"யாரோ பெரியவங்க எழுதிக் கொடுத்திருப்பாங்க." 17 வயசுப் பிள்ளைக்கு ஒரு லெட்டர் எழுதத் தெரியாதுன்னா, பன்னெண்டு வருஷம் அங்க என்ன சொல்லிக் கொடுத்தோம்? தலைமையாசிரியருக்கு விண்ணப்பக் கடிதம்னு ஆறாவதுல இருந்து மார்க் போடுறோமே.

"சிஸ்டர்ஸ் உன்னைப் படிக்க வச்சாங்க, நன்றி இல்லையா?" இந்தக் கேள்வியை ஒருத்தர் குரூப்லயே கேட்டுட்டாங்க. எங்கப்பா செத்த வருஷம் எனக்கு நோட்டு, யூனிஃபார்ம் எல்லாம் வாங்கிக் கொடுத்தது ஒரு சிஸ்டர்தான், அவங்க இப்ப இல்ல, அவங்க கல்லறைக்கு நவம்பர் 2 வந்தா இந்து வீட்டுப் பொண்ணு நான் மெழுகுவத்தி கொண்டுபோய் ஏத்திட்டு வர்றேன். எங்க ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் பீடத்துல வச்சு மந்திரிச்சுக் கொடுத்தப்ப, நெத்தியில குன்றக்குடி திருநீறோட நின்ன பிள்ளைங்களை ஒரு வார்த்தை சொன்னதில்ல அந்த ஸ்கூல். அந்த நன்றி இருக்குறதாலதான் எழுதுறேன். வேற ஏதோ ஸ்கூல்ல இது நடந்திருந்தா படிச்சுட்டுத் தள்ளிட்டுப் போயிருப்பேன்.

"மைனாரிட்டி ஸ்கூலை அடிக்கணும்னு காத்துக்கிட்டு இருக்குறவங்களுக்கு நீயே எடுத்துக் கொடுக்குற." இதுதான் என்னை நிஜமா யோசிக்க வச்சது, மூணு நாள் எழுதாம இருந்ததும் இதுக்காகத்தான். அரசியலமைப்பு 30வது பிரிவு கொடுத்த உரிமையில நடக்குற பள்ளிக்கூடங்க இல்லைன்னா இந்த வறண்ட சீமையில எங்கம்மா மாதிரி ஆளுங்க பொண்ணுங்களைப் படிக்க அனுப்பியிருக்கவே மாட்டாங்க. அந்த உரிமைக்கு எதிரா நான் ஒரு எழுத்துகூட எழுதல, ஸ்கூல் பேரைக்கூடப் போடல, எதிரிங்க யாராச்சும் இதை எடுத்துப் போட்டா அங்கயும் வந்து சண்டை போடுவேன். ஆனா அவங்களுக்குப் பயந்துக்கிட்டு நம்ம பிள்ளையை நம்ம அவமானப்படுத்துறதைப் பாத்துட்டு இருக்கணுமா?

எனக்குத் தலைமைன்னா என்னன்னு சொல்லிக் கொடுத்ததே அவங்கதானே. ஒன்பதாவது படிக்கும்போது பஸ் வச்சு ஓரியூர் கூட்டிட்டுப் போனாங்க. அந்தச் செம்மண்ணை ஒரு பேப்பர்ல மடிச்சுக் கொண்டாந்து எங்கம்மாகிட்ட கொடுத்தேன். 1693ல போர்ச்சுகல்ல இருந்து வந்த அருளானந்தர்ங்கிற பாதிரியாரை அங்க வெட்டுனது ஏன்னு போற வழியில சிஸ்டர் கதையாச் சொன்னாங்க. அரச குடும்பத்து ஆளுகிட்டயே, பல மனைவிகளோட வாழக்கூடாதுன்னு, சங்கடமான விஷயத்தை மூஞ்சிக்கு நேரா சொன்னவரு. சொல்லாம இருந்திருந்தா உயிரோட இருந்திருப்பாரு. ஒய்.சி.எஸ்னு சொல்ற கிறிஸ்தவ மாணவர் இயக்க மீட்டிங்ல கார்டைன்னு ஒரு பெல்ஜியம் ஃபாதரைப் பத்திச் சொல்லுவாங்க. வேலைக்குப் போற ஏழைப் பசங்களைச் சேத்து, உன்னைச் சுத்தி நடக்குறதைப் பாரு, சரியா தப்பான்னு நீயே யோசி, அப்புறம் இறங்கிச் செய்யின்னு சொல்லிக் கொடுத்தவரு. 2013ல போப் பிரான்சிஸ் பதவிக்கு வந்த மாசமே சிறுவர் ஜெயிலுக்குப் போய் அங்க இருந்தவங்க காலைக் கழுவுனாரு, அந்தப் படத்தை நம்ம ஸ்கூல் நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தாங்க.

அந்தப் பிள்ளை பாத்துச்சு. யோசிச்சுச்சு. செஞ்சுச்சு. நீங்க சொல்லிக் கொடுத்த பாடத்தை ஒருத்தி நிஜமா எடுத்துக்கிட்டா, அவளைக் கடைசி வரிசையில உக்கார வைப்பீங்களா? நான் பேரை எழுதிக் கொடுத்தேன், எனக்குக் கப்பு. அவ கையெழுத்து வாங்கிக் கொடுத்தா, அவளுக்கு இது. இதைப் பாத்துக்கிட்டு இருந்த ஆறாங்கிளாஸ் பிள்ளை நாளைக்கு எப்படிப்பட்ட லீடரா வரும்?

நேத்து சாயங்காலம் முன்னாள் மாணவியர் குரூப்ல இருந்து என்னை எடுத்துட்டாங்க. யாரும் ஒரு வார்த்தை கேக்கல. கூட ஒரே பாயில படுத்துப் படிச்ச ரெண்டு பேர் அதுல அட்மின். அதைப் பத்தி எழுத வேணாம்னுதான் நினைச்சேன்.

அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனேன். அவங்கம்மா மில்லுல இருந்து தவிட்டுத் தலையோட அப்பத்தான் வந்தாங்க. "விடு ஆத்தா, பரீட்சை எழுதிட்டு வந்துட்டா போதும், பெரியவுக கோவத்துல பண்ணிட்டாக"ன்னு எனக்குத்தான் ஆறுதல் சொன்னாங்க. அவ உள்ள உக்காந்து கெமிஸ்ட்ரி எழுதிப் பாத்துக்கிட்டு இருந்தா. நான் எதுவும் கேக்கல. அவதான், "அக்கா, பஸ் விஷயம் என்னாச்சு"ன்னு கேட்டா.

பரீட்சை முடியுற வரைக்கும் இடையில ஸ்டடி கிளாஸ் இருக்கு. எங்க செட்டுல நாலு பேர் சேந்து ஒரு வேன் பேசியிருக்கோம், சாயங்காலம் ஆறரைக்கு கேட்டு வாசல்ல நிக்கும், புதுவயல் வழியா மித்ராவயல் வரைக்கும் போகும். கேட்டுக்குள்ள வந்து பிள்ளைங்களை ஏத்திக்க சிஸ்டர் அனுமதி வேணும். லெட்டர் கொடுத்து ரெண்டு நாள் ஆச்சு, பதில் இல்ல. வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை முடிஞ்சதும் மறுபடி போய்க் கேப்பேன்.