கிராஸ்னஸில் திறந்தது பாதி வேலைதான்

1865 ஏப்ரல் 4 அன்று, லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸின் தென்கரையில் இருக்கும் கிராஸ்னஸ் கழிவுநீரேற்று நிலையத்தில், வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் நீராவியைத் திறந்துவிட்டார். சாக்கடை தேம்ஸில் கலந்து எழுந்த லண்டனின் நாற்றம் அந்த நாளோடு ஒழிந்தது என்று எழுதுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அன்று திறந்தது பாதி வேலை. அந்தப் பாதியும் கடலை நம்பித்தான் ஓடியது.

எஞ்சின்கள் பிரமாதம், மறுக்கவில்லை. ஜேம்ஸ் வாட் கம்பெனி செய்த நான்கு பீம் எஞ்சின்கள். விக்டோரியா, பிரின்ஸ் கன்சார்ட், ஆல்பர்ட் எட்வர்ட், அலெக்ஸாண்ட்ரா என்று ராணி, மறைந்த கணவர், மகன், மருமகள் பெயர்கள். ஒவ்வொன்றிலும் 47 டன் உத்தரம் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் எழும். கூடவே 52 டன் ஃப்ளைவீல் சுற்றும். ஒரு வீச்சுக்கு 6 டன் கழிவுநீர், நிமிடத்துக்கு 11 வீச்சு. ஒரு எஞ்சின் மட்டும் நிமிடத்துக்கு 66 டன்.

ஏன் தூக்க வேண்டும்? லண்டனின் புதிய பெரும் சாக்கடைகளுக்கு, அவற்றை வடிவமைத்த பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் வைத்த சரிவு மைலுக்கு ஏறத்தாழ 2 அடி. தண்ணீர் தானாக ஓடிவரும். ஆனால் கிராஸ்னஸ் இருக்கும் எரித் சதுப்புக்கு வந்து சேர்வதற்குள் ஆழத்துக்குப் போய்விடும். சரி, தூக்கி ஆற்றில் கொட்டிவிடலாமா? முடியாது. அங்கே தேம்ஸ் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஏற்றத்தில் விட்டால், விட்டது அத்தனையும் நகரத்துக்கே திரும்பி வரும். அதற்காகத்தான் ஆறரை ஏக்கரில், 2.7 கோடி காலன் பிடிக்கும் மூடிய செங்கல் தொட்டி. உச்ச ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கியதும் மதகைத் திறப்பார்கள். என்னைக் கேட்டால், நான்கு எஞ்சினையும்விடப் பெரிய மூளை இந்தத் தொட்டியில்தான் இருக்கிறது.

மீதிப் பாதி வடகரையில்: அங்கே ஏபி மில்ஸ் கழிவுநீரேற்று நிலையம் 1868 வரை ஓடவில்லை. இடையில் 1866இல் காலரா வந்தது. பரப்பியது கழிவு கலந்த குடிநீர்தான். ஆனால் அது பிடித்துக்கொண்டது புதிய சாக்கடையோடு இன்னும் இணைக்கப்படாத கிழக்கு லண்டனை; 5,000 பேருக்கு மேல் இறந்தார்கள். முந்தைய காலராக்களில் கொத்துக்கொத்தாக மடிந்த தென் லண்டன் இம்முறை பெருமளவு தப்பியது. விழா மேடையைவிட இந்த வித்தியாசமே பசல்ஜெட்டுக்குச் சரியான சாட்சி.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அப்போது சுத்திகரிப்பு என்று எதுவுமே கிடையாது; கழிவு அப்படியே ஆற்றில் போனது. 1878 செப்டம்பரில் பிரின்செஸ் ஆலிஸ் என்ற பயணிகள் கப்பல் மூழ்கியது, கழிவு வந்து விழும் இந்த ஆற்றுப் பகுதியில்தான். மதகு திறந்து ஒரு மணி நேரம்போல் ஆகியிருந்தது. 600 பேருக்கு மேல் மாண்டார்கள். கசடை ஏற்றிப்போய்க் கடலில் கொட்டும் முதல் கப்பல் 1887இல்தான் ஓடத் தொடங்கியது, இளவரசர் நீராவியைத் திறந்து 22 வருடம் கழித்து.